அழிக்கும் விசை இல்லாத மேடை

கணினியில் இசையமைக்கும் எவருக்கும் விரல் நுனியில் ஊறிப்போன கட்டளை ஒன்று உண்டு: கன்ட்ரோல்-இசட். தாளம் சறுக்கிவிட்டதா, சுரம் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டதா, நேற்றிரவு உருகி உருகிச் சேர்த்த வயலின் அடுக்கு காலையில் கேட்கச் சகிக்கவில்லையா? இரண்டு விசைகளை அழுத்தினால் நடந்தது நடக்காததாகிவிடும். புதிய மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று இசைக்காரர்கள் பட்டியல் போடும்போது இதை யாரும் எழுதுவதில்லை. இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே கடினமாகிவிட்டது. அதே இசைக்காரர் அதே மடிக்கணினியோடு மேடை ஏறும்போதோ அந்த விசைகளுக்கு வேலையே இல்லை. ஒலிபெருக்கியை விட்டுப் போன ஒலியை எந்த மென்பொருளும் திரும்பக் கூப்பிடாது.

மின்னிசை மென்பொருளுக்கு என்னென்ன வசதிகள் தேவை என்பது பொறியாளர்களும் வியாபாரிகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் போலத்தான் தெரியும். கொஞ்சம் கிளறினால் உள்ளே இருப்பது பழைய தத்துவச் சிக்கல். திரும்பப் பெறக்கூடிய ஒன்றைச் செயல் என்று சொல்லலாமா? இயந்திரம் பாதியைச் செய்துகொடுத்தால், செய்தவர் யார்?

இதை யோசிக்கக் கைகொடுக்கும் புத்தகம் இசையைப் பற்றியதே அல்ல. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதச் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் 1958இல் வெளியிட்ட 'தி ஹியூமன் கண்டிஷன்' அது. மனிதர் செய்வதையெல்லாம் அவர் மூன்றாகப் பிரித்தார். உயிர் வாழ்வதற்காக அன்றாடம் செய்து அன்றாடம் தீர்ந்துபோவது உழைப்பு. மேசை, கோயில், புத்தகம் என்று செய்தவரைத் தாண்டி நிற்கும் பொருளை உண்டாக்குவது ஆக்கம். பிறர் முன்னிலையில் ஒருவர் தன்னை இன்னார் என்று வெளிப்படுத்தும் சொல்லும் செய்கையும் செயல். ஆக்கத்தில் பிழை நேர்ந்தால் உடைத்துவிட்டு மறுபடி செய்துகொள்ளலாம். செயலில் அது நடக்காது. செய்ததைத் திரும்பப் பெற முடியாது. அது எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. இந்த இரண்டு சங்கடங்களுக்கும் மனிதரிடம் இருக்கும் மருந்துகள் மன்னிப்பும் வாக்குறுதியும் என்றார் ஆரென்ட். மனித உறவுகளில் மன்னிப்புக்கு உள்ள இடத்தைக் கண்டுபிடித்தவர் நாசரேத்து இயேசு என்று, இயேசுவைத் தெய்வமாகக் கொள்ளாத ஆரென்ட் தயங்காமல் எழுதினார்.

இந்த அளவுகோலை இசை மென்பொருள்மீது வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அழிக்கும் விசை மன்னிப்பு அல்ல. மன்னிப்பதற்குத் தவறு அங்கே இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் காரியம் தொடர வேண்டும். அழிக்கும் விசையோ தவறே நடக்கவில்லை என்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது சரி. அங்கே நடப்பது ஆக்கம். மேடையில் நடப்பது வேறு.

இரண்டையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர முயன்றவர்கள் பெர்லின்காரர்கள். கெர்ஹார்ட் பெலெஸும் ராபர்ட் ஹென்கேயும் 'மோனோலேக்' என்ற பெயரில் டெக்னோ இசைத்தவர்கள். மேடையில் வாசிக்கச் சந்தையில் கிடைத்த மென்பொருள்கள் ஒத்துவராததால், 'மேக்ஸ்' என்னும் நிரல் சூழலில் தங்களுக்கு வேண்டிய கருவிகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அந்த அனுபவம் 2001இல் 'ஏபிள்டன் லைவ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதற்கு இரண்டு முகங்கள். ஒன்றில் காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. எந்த நிமிடத்தில் எது வரும் என்பது கோடு போட்டதுபோல் தெரியும். இன்னொன்றில் காலக்கோடே கிடையாது. கட்டம் கட்டமாக ஒலித்துணுக்குகள் காத்திருக்கின்றன. தொட்டால் ஒலிக்கும், தொடாவிட்டால் சும்மா கிடக்கும். டேப் விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு முகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஆரென்ட் பல அத்தியாயங்களில் பிரித்துக் காட்டிய ஆக்கமும் செயலும் இங்கே ஒரு விசையின் தூரத்தில் இருக்கின்றன. இரண்டாவது முகத்தில் வாசித்ததை அப்படியே முதல் முகத்தில் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. நடந்து முடிந்த செயல் அங்கே ஆக்கத்துக்கு மூலப்பொருளாகிறது.

ஆனால் அந்த இரண்டாவது முகத்திலும் ஒரு பாதுகாப்பு வலை கட்டியிருக்கிறார்கள். துணுக்கைத் தொட்ட மாத்திரத்தில் அது ஒலிக்காது. வேறு அமைப்பு செய்யாவிட்டால் அடுத்த தாள அளவின் தொடக்கம் வரை காத்திருந்து, சரியான இடத்தில்தான் எழும். வாசிப்பவர் கால் அளவு முந்தித் தொட்டாலும், அரை அளவு முந்தித் தொட்டாலும் கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆயிரக்கணக்கானோர் ஆடும் அரங்கில் இது பெரிய நிம்மதி. அதே சமயம், பிசகவே முடியாத இடத்தில் சரியாக வாசித்தார் என்று ஒருவரைப் பாராட்டுவதில் ஏதோ இடறுகிறது. எதைத் தொடுவது, எப்போது விடுவது என்ற தேர்வு அவருடையதுதான். காலத்தின் பொறுப்பு மட்டும் அவர் கையில் இல்லை.

இந்தச் சங்கடம் மென்பொருள் செய்தவர்களுக்கே தெரியாததல்ல. மடிக்கணினிக்குப் பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்வையாளருக்குப் புரிவதில்லை என்பதைப் பற்றி ஹென்கே விரிவாக எழுதியிருக்கிறார். தன் கை அசைவு கண்ணுக்குத் தெரியும்படி, திருகிகள் நிறைந்த 'மோனோடெக்' என்ற கட்டுப்பாட்டுப் பலகையை அவரே செய்துகொண்டார். கனடாவின் மின்னிசைக் கலைஞர் டெட்மௌஸ் 2012இல் விஷயத்தைப் போட்டே உடைத்தார். பெரிய மேடைகளில் தாங்கள் எல்லோரும் செய்வது பிளே பொத்தானை அழுத்துவதுதான் என்று எழுதினார். விளக்கும் திரைக்காட்சியும் இசையோடு நூலிழை பிசகாமல் சேர வேண்டுமானால் எல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆரென்டின் வார்த்தையில் சொன்னால், அங்கே வாக்குறுதி மட்டுமே இருக்கிறது. அதை மீறுவதற்குக்கூட இடமில்லை.

வரலாற்றைப் பார்த்தால், கணினி இசை பிறந்தபோது மேடை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1957இல் பெல் ஆய்வுக்கூடத்தின் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய 'மியூசிக்' நிரல் ஐபிஎம் 704 கணினியில் இயங்கியது. அதில் உருவான முதல் இசைத்துண்டின் நீளம் 17 விநாடி. கணக்குப் போட்டு, நாடாவில் எண்களாக எழுதி, அவற்றை ஒலியாக மாற்றிக் கேட்பதற்குள் இசைத்துண்டைவிடப் பல மடங்கு நேரம் ஓடிவிடும். 1963இல் 'சயன்ஸ்' இதழில் மேத்யூஸ் எழுதிய கட்டுரை, கணினியால் உண்டாக்க முடியாத ஒலி என்று கொள்கை அளவில் எதுவுமே இல்லை என்றது. எல்லா ஒலியும் கைக்கெட்டிய பிறகு அவர் எதைத் தேடிப் போனார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த பல பத்தாண்டுகளை வாசிப்பவரின் கைக்குக் கணினியில் இடம் தேடுவதில் செலவழித்தார். 1980களில் அவர் உருவாக்கிய 'ரேடியோ பேட்டன்' கருவியில் சுரங்களின் வரிசையைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். வாசிப்பவர் இரண்டு கோல்களை அசைத்து வேகத்தையும் அழுத்தத்தையும் கொடுப்பார். தப்பான சுரம் விழ வாய்ப்பே இல்லை. எப்போது, எவ்வளவு அழுத்தி என்பது மட்டும் முழுக்க மனிதருடையது. ஏபிள்டன் செய்த பங்கீட்டுக்கு இது கிட்டத்தட்ட நேர் எதிர்.

ஆக, எல்லா மென்பொருளும் இயந்திரத்துக்கும் மனிதருக்கும் இடையே பாகப்பிரிவினை செய்கின்றன. எதை நீ பார்த்துக்கொள், எதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் பத்திரம். வசதிப் பட்டியலில் இருக்க வேண்டிய முதல் கேள்வி இந்தப் பங்கீடு பற்றியது. எத்தனை ஆயிரம் ஒலிகள் கூடவே வருகின்றன என்பதெல்லாம் பிறகு.

காலப் பங்கீட்டில் மிகவும் சுவையான வழக்கு டெட்ராய்ட் நகரத்து இசையமைப்பாளர் ஜே டில்லாவுடையது. 1980இல் ரோஜர் லின் சந்தைக்குக் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் இயந்திரத்தில் தட்டியவரின் பிசகைச் சரியான கட்டத்துக்கு இழுத்து நிறுத்தும் வசதி இருந்தது. அப்படி நிறுத்தியது மரக்கட்டையாகத் தோன்றாமல் இருக்க, இரண்டாவது தட்டைச் சற்றே தாமதிக்கும் 'ஸ்விங்' வசதியும் சேர்ந்து வந்தது. அதே லின் வடிவமைத்த எம்பிசி 3000 இயந்திரத்தில் டில்லா வாசித்த தாளங்கள் தடுமாறி நடப்பவரின் நடைபோல இருக்கும். சரிசெய்யும் வசதியை அணைத்துவிட்டுக் கைபோன போக்கில் தட்டினார் என்றுதான் வெகுகாலம் எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2022இல் வெளியான 'டில்லா டைம்' நூலில் டான் சார்னஸ் அதை மறுக்கிறார். நேரான காலத்தையும் ஊசலாடும் காலத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, இயந்திரத்தின் வசதிகளைக் கொண்டே அளந்து வைத்த தடுமாற்றம் அது என்கிறார். டில்லா 2006இல் 32 வயதில் இறந்தார். அவருடைய எம்பிசி இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிழையைத் திருத்தச் செய்த கருவியைக் கொண்டே, பிழைபோல் கேட்கும் ஒன்றை வேண்டுமென்றே ஒருவர் செய்தால் அதைப் பிழை என்று யார் சொல்வது? திருத்தும் வசதி தன்னளவில் குற்றவாளி அல்ல. அதைப் பகுதி பகுதியாக, தட்டுத் தட்டாக, இவ்வளவுதான் என்று அளந்து பயன்படுத்த விடுகிறதா என்பதில்தான் மென்பொருளின் தரம் தெரிகிறது.

இன்னொரு பாகப்பிரிவினை கண்ணுக்கே தெரிவதில்லை. ஏபிள்டனைத் திறந்தவுடன் வரும் வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கம் அல்ல. நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு தாளம், எண்மத்தைச் சமமாக 12ஆக வெட்டிய சுரங்கள் எல்லாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். 1983இல் அறிமுகமான மிடி என்னும் பொது மொழி, சுரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு விடையை உலகம் முழுவதும் பரப்பிவிட்டது. ஒரு விசையை அழுத்தினால் சுரம் பிறக்கிறது, விட்டால் மடிகிறது. மொத்தம் 128 சுரங்கள். பியானோவுக்கு இது சரி. கர்நாடக இசை படித்தவருக்குத் தோடி ராகத்தின் காந்தாரத்தை இந்த விடைக்குள் அடைக்கச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். அங்கே சுரம் ஒரு புள்ளி அல்ல. இரண்டு இடங்களுக்கு நடுவே நடக்கும் போக்குவரத்து. சுரத்தை வளைக்கும் சக்கரம் மிடியில் உண்டு. ஆனால் ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது ஒன்றாகவே வளைக்கும்.

கணினி அறிஞர் ஜாரன் லேனியர் 2010இல் எழுதிய 'யூ ஆர் நாட் எ காட்ஜெட்' நூலில் மிடியைத்தான் எச்சரிக்கையாகக் காட்டினார். தற்காலிகமாகச் செய்த ஒரு பொறியியல் முடிவு எல்லாக் கருவிகளிலும் ஏறிவிட்டால், பிறகு அதை மாற்ற முடியாது. நாளடைவில் இசை என்பதே இதுதான் என்று மனிதர்கள் நம்பத் தொடங்குவார்கள் என்பது அவர் வாதம். விதிவிலக்குகள் இருக்கவே செய்தன. லிப்போல்ட் ஹாக்கன் வடிவமைத்த 'கன்டினியம்' கருவியில் விசைகளே கிடையாது. விரலை வழுக்கிக்கொண்டு போகலாம். ஏ. ஆர். ரஹ்மான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் அதை வாசித்திருக்கிறார். 2018இல் மிடிக்காரர்கள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கும் முறையை ஏற்றார்கள். அரபு இசையின் சுருதிகளுக்கு மென்பொருளில் இடமில்லையே என்று போராடிய இராக்கிய இசைக்கலைஞர் கியாம் அல்லாமி, 2021இல் 'லெய்மா', 'அபோடோம்' என்ற இரண்டு இலவச மென்பொருள்களைக் கொண்டுவந்தார். அவற்றில் சுருதி அமைப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. ஏபிள்டனும் 2024இல் வந்த தன் 12ஆம் பதிப்பில் வெவ்வேறு சுருதி அமைப்புகளுக்கு இடம் கொடுத்தது. 23 ஆண்டு தாமதம் என்று கணக்குப் பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

தாமதம் என்றதும் ஒரு சின்னக் கணக்கு. கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், மூட்டைக்கு 512 என்று வைத்தால், விசையைத் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே குறைந்தது 11.6 மில்லி விநாடி போய்விடும். ஒலிபெருக்கியை நாலு மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம் அது. இதற்கு மேல் போனால், கருவி கையோடு சேர்ந்த ஒன்று என்ற உணர்வு அறுந்து, எதிரில் இருக்கும் பொருளாகிவிடுகிறது. சுத்தியல் நன்றாக வேலை செய்யும்வரை தச்சர் சுத்தியலை நினைப்பதில்லை என்று தத்துவவாதி ஹைடெகர் சொன்னது இதைத்தான்.

எல்லாக் காரியத்தையும் மனிதர் கையில் கொடுத்தால்தான் இசையா என்று எதிர்க்கேள்வி கேட்டவர்களும் உண்டு. அவர்களில் தலையாயவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். 1946இல் அகமதாபாதிலிருந்து நியூயார்க் வந்த கீதா சாராபாய் அவரிடம் மேற்கத்திய இசை கற்றார். பதிலுக்கு இந்திய இசையையும் அதன் தத்துவத்தையும் சொல்லிக்கொடுத்தார். மனத்தை அடக்கி, தெய்விக ஆற்றல்களை ஏற்கும் நிலைக்கு அதைக் கொண்டுவருவதே இசையின் நோக்கம் என்று கீதா தன் ஆசிரியர் வழி அறிந்ததைச் சொன்னது கேஜை ஆட்டிவிட்டது. பிறகு டி. டி. சுசுகியிடம் ஜென் பாடம் கேட்டார். தன் விருப்பு வெறுப்பு இசையில் நுழையக் கூடாது என்று முடிவு செய்து, சீனத்து ஐ-சிங் நூலின் முறைப்படி காசு சுண்டிச் சுரங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். லெஜாரன் ஹில்லரோடு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 'எச்பிஎஸ்சிஎச்டி' என்ற படைப்பை உருவாக்கியபோது காசு சுண்டும் வேலை கணினிக்குப் போனது. 1969 மே மாதம் ஏழு ஹார்ப்சிகார்டுகளும் 50க்கு மேற்பட்ட ஒலிநாடாக்களும் ஒரே சமயத்தில் ஒலிக்க, அது அரங்கேறியது. (அதே 1969இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. அதற்குப் பின்னாலும் சாராபாய் குடும்பம் இருந்தது. கருவியை நிறுவியவர் கேஜின் நெருங்கிய தோழர் டேவிட் டியூடர்.)

இன்று தற்செயல் என்பது சாதாரணப் பொத்தான். இந்தச் சுரம் 60 சதவிகித வாய்ப்போடு ஒலிக்கட்டும் என்று சொல்ல முடியும். ஆனால் கணினியின் தற்செயல் விசித்திரமானது. கேம்பிரிட்ஜின் சாம் ஏரன் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய 'சோனிக் பை' மென்பொருளில், தற்செயலாகச் சுரம் பொறுக்கும் நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் அதே சுரங்கள்தான் அதே வரிசையில் வரும். தொடக்க எண்ணை மாற்றினால்தான் வேறு வரிசை. ஒரு மாணவி எழுதியது தோழியின் கணினியிலும் அப்படியே ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. கேஜ் இருந்திருந்தால் முகம் சுளித்திருக்கக்கூடும். தன்னை விலக்கிக்கொள்ள அவர் பிடித்த காசு, இங்கே முழுக்க எழுதி வைத்த விதியாகிவிட்டது. நம்மால் ஊகிக்க முடியாதது வேறு, தீர்மானிக்கப்படாதது வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றி மதவாதிகளும் தத்துவவாதிகளும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். சோனிக் பை ஒரே ஒரு எண்ணில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகிறது.

செய்பவர் இல்லாத இசை நமக்கு அந்நியமும் அல்ல. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும். முரசும் மணியும் சேகண்டியும் தாமே அதிரும். மேளக்காரருக்குக் கொடுக்கக் காசில்லை, ஆளும் இல்லை என்பது காரணம். கச்சேரி மேடையில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி தம்பூராக்காரரின் இடத்தில் உட்கார்ந்து நாலு பத்தாண்டுக்கு மேலாகிறது. சீனத்துக் கோயில்களில் மந்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி ஒலிக்கும் சிறு பெட்டிகள் கிடைக்கும். பெய்ஜிங்கில் இயங்கிய எஃப்எம்3 என்ற இரட்டையர் 2005இல் அதே வடிவத்தில் தங்கள் இசைத்துணுக்குகளை அடைத்து 'புத்தா மெஷின்' என்று விற்றார்கள். நிறுத்துவது, ஒலியைக் கூட்டுவது, அடுத்த துணுக்குக்குப் போவது தவிர வேறு வசதி அதில் கிடையாது.

இவற்றால் புண்ணியம் உண்டா? எண்ணமே கர்மம் என்பது புத்தர் போதனை. மோட்டாருக்கு எண்ணம் இல்லை. ஆனால் சுவிட்சைப் போட்டவருக்கு இருக்கலாம். திபெத்தில் ஓடும் நீரே மந்திரச் சக்கரத்தைச் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதைக் குறைவென்று யாரும் நினைக்கவில்லை. கோயில் இயந்திரத்தில் உறுத்துவது பக்திக் குறைவு அல்ல. ஒரு குடும்பத்தின் பிழைப்பும், தலைமுறைகளாகக் கைமாறிய வாசிப்பும் அந்தச் சுவிட்சுக்குள் போய்விட்டன என்பதுதான். தெய்வத்துக்குத் தவில்காரர் தேவையா என்பதற்கு விடை சொல்ல யாராலும் ஆகாது. ஊருக்குத் தேவை.

தன்னை விலக்கிக்கொள்ளும் பாதையில் கேஜைவிட அமைதியாகப் போனவர் பாரிஸின் இசையமைப்பாளர் எலியான் ராடிக். ஏஆர்பி 2500 சிந்தசைசரை வாங்கியபோது அதன் விசைப்பலகையை வேண்டாமென்று விட்டுவிட்டார். சுரம் தேவையில்லை, நீண்ட ஒலியொன்றின் உள்ளே நடக்கும் மிக மெல்லிய மாற்றமே அவருக்கு இசை. 1970களில் திபெத்திய பௌத்தத்தில் இறங்கி, சில ஆண்டுகள் இசையையே நிறுத்தினார். இசைக்குத் திரும்பிப் போ என்று அனுப்பியவர் அவருடைய குரு. இறந்தோர் நூல் என்று அறியப்படும் பார்தோ தோதோலின் தாக்கத்தில் 1988இல் 'கியெமா' உருவானது. ஒரு மணி நேரம் ஓடும் அதில், திருகியை எப்போது தொட்டார் என்று கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தொட்டது அவர்தான்; நாடாவில் பதிவாகும்போதே, அந்தந்த நொடியில். 'நான்' என்பதைக் கரைக்க நினைத்தவர்கூடப் பொறுப்பைக் கரைக்கவில்லை.

மேடையிலும் பொறுப்பைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் நிரலை நேரலையில் எழுதி இசைப்பவர்கள். 2004இல் ஹாம்பர்க் நகரில் கூடிய சிலர் 'டாப்லாப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, மேடையேறுபவர் தன் திரையைக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும் என்பது. என்ன எழுதுகிறார், எதை மாற்றுகிறார், எங்கே திணறுகிறார் என்பதெல்லாம் பின்சுவரில் பெரிதாக ஓடும். நிரல் புரியாதவருக்கும் ஒன்று புரியும்: அங்கே ஒருவர் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். சபாவில் முன்வரிசைக்காரர்கள் தொடையில் தாளம் போட்டபடி பாடகரைக் கண்காணிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் காரசாரம் தெரியும். மெக்சிகோ நகரத்து நிரல்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வெற்றுத் திரையில் தொடங்கி ஒன்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் ஆரென்டின் மன்னிப்பு மென்பொருளுக்குள் வருகிறது. அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய 'டைடல் சைக்கிள்ஸ்' என்ற மொழியில், எழுதிய வரியில் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டால் பிழைச்செய்தி வரும்; எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் இசை நிற்காது. பழைய வரி சுழன்றுகொண்டே இருக்கும்; திருத்தி எழுதியதும் புதியது சேர்ந்துகொள்ளும். தவறு மறைக்கப்படவில்லை, அதற்காக ஆட்டமும் கலையவில்லை. வசதிப் பட்டியல் போடுபவர்கள் அழிக்கும் விசைக்குப் பக்கத்தில் இந்த ஒன்றையும் எழுதிவைக்க வேண்டும். நூறு ஒலிவடிகட்டிகளைவிட மேடையில் உதவுவது இதுதான்.

டைடலில் காலம் கோடாக ஓடுவதில்லை. ஆவர்த்தனம் போலச் சுழல்கிறது. அதன் குறியீட்டு முறைக்கு ஊக்கம் கொடுத்தவற்றில் ஒன்று லக்னோவிலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் ஜிம் கிப்பன் என்ற ஆய்வாளர் லக்னோ தபலா மரபின் உஸ்தாத் அஃபாக் உசேன் கானிடம் பயின்றுகொண்டிருந்தார். காயிதா என்ற வடிவத்தில் ஒரு சொற்கட்டிலிருந்து கணக்கற்ற வேறுபாடுகளை உஸ்தாத் எந்த விதிப்படி பிறப்பிக்கிறார் என்று அறிய அவருக்கு ஆசை. அவரோடு சேர்ந்து உழைத்த பெர்னார்ட் பெல் அதற்காக 'போல் பிராசஸர்' என்ற மென்பொருளை ஆப்பிள் கணினியில் எழுதினார். இலக்கணத்தைக் கொடுத்தால் அது புதிய சொற்கட்டுகளை உண்டாக்கும். அவற்றை உஸ்தாதின் முன் வைத்தார்கள். அவர் ஏற்றால் விதி நின்றது. இது எங்கள் வாசிப்பு அல்ல என்றால் விதியைத் திருத்தினார்கள். உஸ்தாத் வாசித்ததைக் கொடுத்து, இந்த இலக்கணத்துக்குள் அடங்குகிறதா என்று கேட்கும் வசதியும் அதில் இருந்தது. அடங்காதபோது கேள்விக்குள்ளானது இலக்கணம்தான், உஸ்தாத் அல்ல. இன்று ஒரு வரி எழுதினால் முழுப் பாட்டையே செய்து தரும் செயலிகளில் விலைப்பட்டியல், குரல் தேர்வு, பதிவிறக்கம் எல்லாம் இருக்கின்றன. அஃபாக் உசேன் கான் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியை மட்டும் யாரும் போட்டு வைக்கவில்லை.